பேரு மேடம்

அவர் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பேரைப் படித்த மறுநொடியே இந்து வீடா, வேதக்கார வீடா, ஊரா, காலனியா என்று உங்கள் மனசு எடை போட்டுவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் மனசும் அதைத்தான் செய்யும். ஊர்களின் பேரையும் சொல்லமாட்டேன். பனமலைக்குப் போகிற வழியில் ஒரு ஏரி. அதற்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர். அது போதும். "தப்பு பண்ணவன் பேர சொல்லு, அவன் ஊரு பேர சொல்லாத" என்பது அவர் போட்ட சட்டம். அதில் பாதியை நான் காப்பாற்றுகிறேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற காலை பாசஞ்சரில், பெண்கள் பெட்டியில், பல வருஷம் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து போயிருக்கிறோம். அவர் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தினார். நான் அங்கே ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள். அதனால் எனக்கு அவர் வைத்த பேர் 'ரத்தம்'. "ஏய் ரத்தம், இன்னிக்கி எத்தினி பேர குத்தின?" என்று சாயங்கால வண்டியில் சத்தமாகக் கேட்பார். புதுசாக ஏறியவர்கள் திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். குள்ளம். தடித்த கண்ணாடி. கஞ்சி போட்ட காட்டன் புடவை. கைப்பையில் எப்போதும் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று இருக்கும். தோலைக் கீழே போடாமல் அதே பைக்குள் போட்டுக்கொள்வார். டிக்கெட் கேட்டால் கைநிறையத் தோல்தான் வரும்.

'பேரு மேடம்' என்று அவரை முகத்துக்கு நேராகவே சொல்வோம். காரணம் ஒன்றுதான். "அவனுங்க", "அவளுங்க", "அந்த ஊர்க்காரனுங்க" என்று யார் வாயிலாவது வந்துவிட்டால் போதும், வலது உள்ளங்கையை விரித்து நம் முன்னால் நீட்டுவார், நாம் எடுத்த எதையோ திருப்பிக் கேட்பதுபோல.

"அவனுங்கன்னா யாரு? பேரு சொல்லு."

சொல்லாமல் அந்தக் கை மடங்காது. பேஜாரு பிடித்த மனுஷி என்று நானே எத்தனையோ தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

ரயிலில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். வண்டி விழுப்புரத்தில் கிளம்புகிறது. ஆகவே சீட்டெல்லாம் விழுப்புரத்துப் பெண்களுடையது என்று ஒரு எழுதாத சட்டம். துப்பட்டா போட்டால் சீட்டு, டிபன் பை வைத்தால் சீட்டு, அடுத்த ஸ்டேஷனில் ஏறப்போகிற தோழிக்கும் சேர்த்துச் சீட்டு. விக்கிரவாண்டியில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டே வருவார்கள். ஒருநாள் அங்கே ஏறிய யாரோ ஒருத்தி, சீட்டில் கிடந்த புவனாவின் துப்பட்டாவைச் சுருட்டி ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டுவிட்டாள். புதுத் துப்பட்டா, மயில் கழுத்துக் கலர். புவனா பேரணி ஸ்டேஷன் வரைக்கும் அழுதாள்.

மறுநாள் விழுப்புரத்து அணி தயாராக வந்தது. இரண்டு பேர் உட்காரும் இடத்தில் ஒருத்தி, பக்கத்தில் பை. விக்கிரவாண்டியில் ஏறியவர்களில் ஒரு பெண் நிறைமாத வயிற்றோடு இருந்தாள். அதற்கு முன் நாங்கள் அவளைப் பார்த்ததே இல்லை. அவள் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். மேடம் மல்லாட்டை உரிப்பதை நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணா துப்பட்டாவ தூக்கிப் போட்டுது?"

"இல்ல மேடம்," என்றாள் புவனா. "ஆனா அவளுங்க ஊருதான்."

கை நீண்டது. "போட்டவ பேரு இன்னா?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"தெரியலன்னா போயி வெசாரி. அதுக்கு இந்தப் பொண்ணு ஏன் நிக்கணும்?" என் பையை எடுத்து என் மடியில் தொப்பென்று வைத்தார். "உம் பேரு இன்னாம்மா?"

"செல்வி."

"செல்வி, ஒக்காரு." பிறகு எங்களைச் சுற்றிப் பார்த்துச் சொன்னார், "இப்ப நீங்க பண்ணிக்கினு இருக்கிறதுக்கு இன்னா பேரு தெரியுமா? யுத்தம்."

நாங்கள் சிரித்துவிட்டோம். "பைய வச்சதா மேடம் யுத்தம்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஆதிகாலத்து மனுஷக் கூட்டங்களில் போர் எப்படி ஆரம்பித்தது என்பதுதான் அவர் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்று பேர்தானே தவிர, முடிக்கவே இல்லை. இளவயசில் புருஷன் செத்துப்போனார். மகனை வளர்க்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. விக்கிரவாண்டி தாண்டினால் அதைப் பேசாமல் இருக்கமாட்டார். எங்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

"ஆதியில சண்டையே இல்ல, எல்லாரும் சாதுவா இருந்தாங்கன்னு எவனாவது சொன்னா நம்பாத. கறிக்கு அடிச்சிக்கினாங்க, பொண்ணுக்கு அடிச்சிக்கினாங்க. ஒருத்தன் மண்டைய ஒருத்தன் கல்லால ஒடச்சான். ஆனா அண்ணன கொன்னவன் யாரோ, தம்பி அவனத்தான் தேடிக்கினு போவான். அவன் கெடைக்கலியா, உட்டுட்டு வந்துடுவான். இல்லன்னா அவனுக்குப் பயந்து அந்தக் கூட்டமே வேற பக்கம் போயிடும். காடு பெருசு. அப்புறம் ஒரு நாளு இன்னா ஆச்சி? தேடிப்போனவனுக்கு ஆளு கெடைக்கல, ஆளோட சித்தப்பன் கெடச்சான். அவன அடிச்சிப் போட்டுட்டு வந்தான். வந்து நெருப்பாண்ட ஒக்காந்து சொன்னான். கூட்டம் கேட்டுது. கேட்டுட்டு, சரிதான்னு தல ஆட்டுச்சி. அந்தத் தல ஆட்டுனாங்க பாரு, அங்க ஆரம்பிச்சிதுடி யுத்தம். வில்லு, வேலு, கோட்டையெல்லாம் அப்புறம் வந்துது."

"இது எங்க எழுதியிருக்குது மேடம்?"

"எங்கியும் இல்ல. அப்ப ஏது எழுத்து? எலும்பும் கல்லும் இருக்குது. மிச்சம் நான் யோசிச்சது. தப்பா இருந்தா இருக்கட்டும்."

ஏரிகளைப் பற்றியும் சொல்வார். வேட்டையாடிக்கொண்டு திரிந்தவன் வம்பு வந்தால் எழுந்து போய்விடலாம். ஏரி வெட்டியவன், நெல்லைச் சேர்த்து வைத்தவன் எங்கே போவான்? போகமுடியாதவன்தான் 'எங்க ஊரு' என்று மார் தட்டுவான் என்பார். அவரே ஏரிக்கரை ஊரில் பிறந்தவர்தான். தம்பி இன்னமும் அங்கேதான் பயிர் வைக்கிறான்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பழக்கத்தால் சில நல்லதும் நடந்தது. எனக்கே நடந்தது. ஒருநாள் என் புகுந்த வீட்டைப் பற்றிப் புலம்பினேன். "மாமியார் வீட்டு ஆளுங்க எல்லாருமே அப்படித்தான் மேடம். வந்த நாள்லேர்ந்து என்னை மனுஷியாவே மதிக்கல." கை வந்துவிட்டது. ஆளுங்கன்னா யாரு? நாத்தனார் என்றேன். வேற? மாமியார், சில சமயம். வேற? "ஒம் மாமனாரு ஒனக்கு இன்னா பண்ணாரு?" என்றார். யோசித்தால், தண்ணி வராத நாளில் அந்த மனுஷன்தான் எனக்காகத் தெருக்குழாயில் குடம் பிடித்து வந்து வைப்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை, அதனால் அவரையும் அந்தக் கூட்டத்தில் தள்ளிவிட்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். ஏதோ ஆகிவிட்டது எனக்கு என்பதுபோலப் பார்த்தார்.

கல்லூரியில் வேறு மாதிரி. இரண்டு பஸ் ரூட்டுப் பையன்களுக்குள் அடிதடி, ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அடித்த பக்கத்துப் பஸ்ஸில் வந்த மொத்தப் பேரையும் சஸ்பெண்ட் செய்ய முடிவெடுத்தார்கள். மேடம் கேன்டீனில் போய் உட்கார்ந்து ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு, அடித்தது யார், பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். சாப்பாடு இல்லை, வகுப்பு இல்லை. கடைசியில் ஒருவன் வந்து நான்தான் என்று அழுதான். அவனை மட்டும் தண்டித்தார்கள். மற்ற வாத்தியார்களுக்கு இதில் எரிச்சல். இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா என்று அவர் காதுபடவே பேசினார்கள்.

பேப்பர் படிக்கும்போது சிவப்புப் பேனா வைத்துக்கொள்வார். 'இரு தரப்பினரிடையே மோதல்' என்று எங்கே வந்தாலும் 'தரப்பு' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போடுவார். தரப்புன்னா எத்தினி பேரு, கைக்கொழந்தையும் சேத்தியா என்று அச்சடித்த பேப்பரோடு சண்டை போடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு செஞ்சி ரோட்டில் ஒரு பாறைக்குப் போனார். முள்ளு, வெயில், எனக்குச் செருப்பு வேறு அறுந்துவிட்டது. பாறை அடியில் மங்கின காவி நிறத்தில் ஆதிகாலத்து ஆட்கள், குச்சி குச்சியாக, வரிசையாக.

"ஆடுறாங்களா, அடிச்சிக்கிறாங்களா மேடம்?"

"யாருக்குத் தெரியும்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மூஞ்சி வரையல பாத்தியா. மூஞ்சி இருந்தா பேரு கேக்கலாம்."

அவர் மகன் திண்டிவனத்தில் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். கல்லூரிப் பேராசிரியை மகன் படிக்கவில்லையே என்று யாராவது இழுத்தால், "கை சுத்தமா வேல செய்றான், போதாதா" என்பார். கிண்டல்காரப் பையன். "எங்கம்மாவ கொசு கடிச்சாக்கூட, எந்தக் கொசு, அது பேரு இன்னான்னு கேப்பாங்க ஆன்ட்டி" என்று ஸ்டேஷனில் நின்று சொல்லி எங்களைச் சிரிக்கவைத்தான். மேடமும் சிரித்தார்.

இனி அந்த ஏரிக்கு வருகிறேன். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து போகும். இந்தப் பக்கத்து ஊருக்கு, அதாவது மேடம் பிறந்த ஊருக்கு, ஏரிப் பாசனம். தண்ணீர் கூட நின்றால் இரண்டாம் போகமும் வைக்கலாம். அதனால் மழைக்காலத்தில் கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்குவார்கள். மூட்டை ஏறினால் அந்தப் பக்கத்து ஊரின் நிலம் முழுகும். வருஷா வருஷம் வாய்ச்சண்டை நடக்கும், கொஞ்ச நாளில் ஓய்ந்துபோகும். அந்த வருஷம் மழை அடித்து ஊற்றியது. யாரோ மூட்டைகளைக் கிழித்து மணலைத் தண்ணீரில் விட்டார்கள். மறுநாள் யாரோ அந்தப் பக்கத்து மோட்டார் கொட்டகையில் ஒயரை அறுத்தார்கள். 'யாரோ' என்று நான்தான் சொல்கிறேன். அங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மேடத்தின் மகன் மாமன் வீட்டுக்கு பைக்கில் போயிருக்கிறான். மாமனுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுபோனான், வேறு ஒன்றும் இல்லை. ஏரிக்கரை மேல் சில பேர் வழி மறித்தார்கள். எந்த ஊருடா என்று கேட்டார்கள். விழுப்புரம் என்று சொல்லியிருக்கலாம், உண்மையும் அதுதான். மாமன் ஊர்ப் பேரைச் சொன்னான்.

சனிக்கிழமை காலை மேடம் வண்டிக்கு வரவில்லை. போன் வந்து நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவசரச் சிகிச்சை வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் புடவை, முன்கொசுவத்தில் காய்ந்த ரத்தம். தினமும் ரத்தம் பார்ப்பவள் நான். நானே கண்ணைத் திருப்பிக்கொண்டேன். சுற்றிலும் அவர் தம்பியும் ஊர்ப் பையன்களும் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு குட்டியானை வண்டி. அதன் பின்பக்கம் சாக்குப் போட்டு எதையோ மூடியிருந்தார்கள். என்ன என்று கேட்கத் தேவையில்லை, மண்வெட்டிப் பிடிகள் நீட்டிக்கொண்டு தெரிந்தன.

அந்த ஊரில் ஒரு வழக்கம். அடிபட்டவனைப் பெற்றவள் வாயைத் திறந்து சொன்னால்தான் மற்றவர்கள் கிளம்புவார்கள். அவள் வேண்டாம் என்றால் முடிந்தது, அதற்குமேல் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டார்கள். முன்னே ஒருதரம் ஒரு கிழவி வேண்டாம் என்று சொல்லி அரிவாளோடு கிளம்பின கூட்டமே திரும்பியது என்று மேடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இப்போது தம்பி அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, நீ சொல்லு. வேணாம்னா வேணாம். உம் பேச்ச மீற மாட்டோம்."

உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது ஒரு நிம்மதிகூட வந்தது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பேன். இது பேரு மேடம். அந்தக் கை நீளும், அடிச்சவன் பேரு இன்னா என்று கேட்பார், ஒருவனுக்கும் தெரியாது, எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். அந்தக் கைக்காகவே நான் காத்திருந்தேன்.

அதற்குள் நர்ஸ் கூப்பிட்டார். உள்ளே போய் மகனைப் பார்த்துவிட்டு வந்தார். நடை மாறியிருந்தது. நேராக என்னிடம் வந்து, ஏதோ சின்ன விஷயம் சொல்வதுபோலச் சொன்னார்.

"அவனுக்கு மூஞ்சியே இல்லடி."

பிறகு தம்பியைப் பார்த்தார். "சும்மா உடாதீங்கடா அவனுங்கள."

அவனுங்க. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. தம்பியும் கேட்டதில்லை போலிருக்கிறது. எழுந்தவன் அப்படியே நின்றான். அக்கா வளர்த்த தம்பி அல்லவா, அவனையும் அறியாமல் கேட்டுவிட்டான்.

"யாரக்கா?"

"எவனா இருந்தா இன்னாடா?"

பையன்கள் தலையாட்டினார்கள். ஒருவன்கூடச் சத்தம் போடவில்லை. வண்டி கிளம்பியது. மேடம், மேடம் என்று நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவங்கள நிறுத்தச் சொல்லுங்க, போன் போடுங்க என்று கெஞ்சினேன். அவர் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். அவரைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டும் சேர்ந்தே இருந்தது, அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நானே தம்பி நம்பருக்குப் போட்டேன். எடுக்கவில்லை.

ஏழுமலை என்று ஒருவர். அந்தப் பக்கத்து ஊரில் பிறந்தவர். குயிலாப்பாளையத்தில் கொத்தனார் வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டு சனிக்கிழமை மதியம் ஊருக்கு வருவார். மூட்டை கிழிந்ததோ, ஒயர் அறுந்ததோ, ஏரிக்கரையில் ஒரு பையன் அடிபட்டதோ அவருக்குத் தெரியாது. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அங்கிருந்து ஊருக்கு நடக்க வேண்டும். அந்த ரோட்டில் போகிற வண்டிக்காரர்கள் நிறுத்தி, எந்த ஊரு என்று கேட்டு ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். குட்டியானை நின்றது.

"எந்த ஊரு?"

ஏற்றிக்கொள்ளத்தான் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். பக்கத்து இளநீர்க் கடைக்காரர் பிறகு போலீசில் சொன்னது இது. ஊர்ப் பேரைச் சொல்லிக்கொண்டே, கரணையும் ரசமட்டமும் இருந்த பையை முதலில் வண்டிக்குள் வைக்கப் போனாராம். கையில் பையோடுதான் விழுந்தார்.

மூன்றாம் நாள் மகன் கண் விழித்தான். ஒரு கண் போய்விட்டது, பேச்சு இருந்தது. நானும் கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"ஒருத்தன்தாம்மா அடிச்சான். குடிச்சிருந்தான். மத்தவங்க அவன இழுத்துப் புடிச்சாங்க. ஆம்புலன்சுக்கு போன் பண்ணதுகூட அவங்கதான். ஒரு அண்ணன் துண்ட எடுத்து எந் தலையில கட்டினாரு."

மேடம் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"அவன் பேரு குமரவேலும்மா."

"எப்பிட்றா தெரியும்?"

வெடித்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தான். "நாந்தான் கேட்டேன். ஒம் பேரு இன்னாண்ணான்னு. பழக்கம்மா, உன்னாலதான்."

அவன் ஏழுமலையைப் பற்றி அறியான். யார் சொல்வது? மேடம் வார்டை விட்டு வெளியே வந்து, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். ஒன்றும் வரவில்லை, மூன்று நாளாகச் சாப்பிட்டிருந்தால்தானே. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

குமரவேலைப் பிடித்தார்கள். தம்பியையும் பையன்களையும் பிடித்தார்கள். மேடம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், சொன்னது நான், என் பேரையும் எழுதுங்கள் என்று நின்றார். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர்தான், நாற்காலி போடச் சொன்னார். "போங்க மேடம், போயி பையன கவனிங்க. கோவத்துல பெத்தவங்க ஆயிரம் சொல்லுவாங்க. ரெண்டு தரப்பும் அமைதியா இருந்தா அதுவே போதும் எங்களுக்கு." அந்த வார்த்தையைக் கேட்டு மேடத்தின் கை பைக்குள் போனதைப் பார்த்தேன். சிவப்புப் பேனாவைத் தேடினாரோ என்னவோ. மல்லாட்டைத் தோல்தான் வந்தது.

இப்போது அவர் இந்தப் பக்கமே இல்லை. வேலையை விட்டுவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு தூரமாக ஒரு ஊருக்குப் போய்விட்டார். அவன் அங்கே ஒற்றைக் கண்ணோடு பைக் பிரிக்கிறான். ஏன் போனார் என்று ரயிலில் பல மாதிரி பேசுகிறார்கள். அவமானம் என்கிறார்கள், தம்பி பெண்டாட்டி சாபம் விட்டாள் என்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும், நான் கூடவே இருந்தேன்.

ஏழுமலையின் காரியம் முடிந்த அடுத்த வாரம், அவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். உங்களுக்குப் பைத்தியமா, வெட்டிப் போட்டுடுவாங்க என்று கத்தினேன். "நான் ஒருத்தின்னு அவங்களுக்குத் தெரியணும் ரத்தம். இல்லன்னா அவங்க ஊரு முச்சூடும் எங்க ஊரு முச்சூடத்தையும் தேடும். கணக்கு எங்கிட்டயே நிக்கட்டும்" என்றார். தனியாக அனுப்ப மனசு வரவில்லை. ஆட்டோ பிடித்துப் போனோம். ஆட்டோக்காரர் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார், ஜல்தியா வந்துடுங்கம்மா என்றார்.

ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவரின் வீடு பூச்சு வேலை முடியாமல் செங்கல் தெரிய நின்றது. வாசலில் ஏழுமலையின் மனைவி சாந்தி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. சுவரோரம் ஆண்கள் சிலர், அவள் அண்ணன் தம்பிகளும் மச்சினன்களும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்று நினைத்துச் சாந்தி எங்களைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"அந்த ஊர்க்காரனுங்க கொன்னுட்டானுங்கம்மா. யாருக்கு இன்னா பாவம் பண்ணாரு அவுரு? அந்த ஊர்க்காரனுங்க…"

"அந்த ஊர்க்காரங்க இல்லம்மா," என்றார் மேடம். "நான். அடிபட்ட பையனோட அம்மா நான். அவங்க எங்கிட்டதான் கேட்டாங்க. எவனா இருந்தா இன்னான்னு நான் ஒருத்திதான் சொன்னேன். வேணாம்னு சொல்லியிருந்தா ஒம் புருஷன் இன்னிக்கி இருந்திருப்பாரு."

பிறகு தன் பேரைச் சொன்னார். அப்பா பேர், புருஷன் பேர், வேலை, விழுப்புரத்தில் வீடு இருக்கிற தெரு, எல்லாம். வகுப்பில் ஆஜர் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு வலது கையை அவள் முன்னால் நீட்டினார். அந்தக் கை எதையாவது கேட்டதா, எதையாவது கொடுத்ததா என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

சாந்தி அழுகையை நிறுத்திவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். வைவாள், அடிப்பாள், காலில் விழுந்து கதறுவாள் என்று என்னென்னவோ நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை. ரோட்டில் வழி கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"பேரு கெடக்குது. நீ பொறந்தது எந்த ஊரு?"

நான் மேடத்தின் கையைப் பிடித்து இழுத்தேன். சொல்லாதீங்க, வாங்க போயிடலாம் என்றேன். அவர் கையை விடுவித்துக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. ஏரிக்கு இந்தப் பக்கத்து ஊரின் பேரைச் சொன்னார்.

சாந்தி திரும்பிச் சுவரோரம் நின்ற ஆண்களைப் பார்த்தாள். அவர்கள் தலையாட்டினார்கள்.